நடுச்சுவர் விளக்கு

மேகம் தரையில் மேயும் உயரத்தில் ஒரு நாடு இருந்தது. கூவல் நாடு என்று பெயர். வரைபடத்தில் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். வரைபடம் போடுகிறவர்கள் அந்தப் பக்கம் போன நாளெல்லாம் மூடுபனியாகவே இருந்திருக்கிறது. அங்கே வருஷத்தில் பாதி பனி, கால்வாசி மழை, மிச்சம் தேர்தல்.

அந்த நாட்டில் யாரும் ஒற்றை வீடு கட்டமாட்டார்கள். இரண்டு வீடு சேர்த்து, நடுவில் ஒரே மண்சுவர் வைத்துத்தான் கட்டுவார்கள். பனி இறங்கிவிட்டால் தன் வாசற்படி தனக்கே தெரியாத ஊர் அது. அதனால் விளக்கு வைக்கிற நேரத்தில் ஆளாளுக்கு நடுச்சுவருக்குப் பக்கத்தில் போய் நின்று, “இருக்கியளா?” என்று கேட்பார்கள். அந்தப் பக்கத்து ஆள் “இருக்கேன்” என்பார். அவ்வளவுதான் சங்கதி. இதற்குக் கூவல் கேட்பது என்று பெயர். பதில் வரவில்லையென்றால் கேட்டவர் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். கதவை உடைக்கவும் உரிமை உண்டு. உடைந்த கதவுக்காக யாரும் யாரிடமும் சண்டைக்குப் போனதில்லை. அந்த நாட்டில் ஏழை இருந்தான், திருடன் இருந்தான், மந்திரிகூட இருந்தார். தனியாகக் கிடந்து செத்தவர் என்று மட்டும் ஒருவரும் இருந்ததில்லை.

அப்படிப்பட்ட ஓர் இணை வீட்டில், கிழக்குப் பாதியில் மாடத்தி இருந்தாள். ஐம்பது தாண்டியவள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளை இல்லை. இலவம்பஞ்சைக் கொட்டை நீக்கித் தலையணை அடைத்து விற்பது அவள் பிழைப்பு. உலகத்திலேயே சத்தம் குறைந்த தொழில் அதுவாகத்தான் இருக்கும். காலையிலிருந்து சாயங்காலம்வரை அவள் வாயிலிருந்து ஒரு சொல் வராத நாட்கள் உண்டு. பஞ்சு பேசாது, தலையணை பேசாது.

மேற்குப் பாதியில் சுடலையாண்டி. ஒருகாலத்தில் மாட்டு வண்டி ஓட்டியவர். மலைப்பாதை முழுக்க மாட்டை அதட்டி அதட்டிக் குரல் கனத்தவர். அவர் தும்மினால் மாடத்தி வீட்டுக் கூரையிலிருந்து பல்லி விழும். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம், சுடலையாண்டி பெண்சாதி இறந்த பதினாறாம் நாள் சாப்பாடு. அன்றைக்குச் சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டார்கள். துக்க வீட்டில் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டு எழுந்திருக்க வேண்டியதுதானே? மாடத்தி எல்லோர் காதிலும் விழும்படி, “உப்பில்லாப் பண்டம் குப்பையிலே” என்றுவிட்டாள். வாய்தவறி வந்த பழமொழிதான். ஆனாலும் சுடலையாண்டி இலையை மூடிவிட்டு எழுந்துபோனார். அதிலிருந்து பகலில் எதிர்ப்பட்டால் இருவரும் ஆளுக்கொரு பக்கம் மலையைப் பார்த்துக்கொண்டு போவார்கள்.

ஆனால் கூவலை விட முடியாது. பகை வாசலோடு, கூவல் சுவரோடு என்று அந்த ஊரில் ஒரு சொலவடை.

“அண்ணாச்சி, இருக்கியளா, இல்ல கிளம்பியாச்சா?” என்பாள் மாடத்தி.

“இருக்கேன், இருக்கேன். உன்னைய முதல்ல அனுப்பி வச்சிட்டுத்தான் கிளம்புவேன்,” என்று சுவர் அதிரப் பதில் வரும்.

நாள் முழுவதிலும் மாடத்தி பேசுவதும், அவளிடம் ஒருவர் பேசுவதும் அந்த ஒரு தடவைதான். இரண்டுமே வசவு. என்றாலும் அது காதில் விழுந்த பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்கும்.

அந்தக் காலத்தில் நாட்டை ஆண்டவர் மாமன்னர் செவிசாய்த்த பெருமான். முதல் தேர்தலில் ‘உங்கள் குறைகளுக்குச் செவிசாய்ப்பேன்’ என்று சொன்னதால் வந்த பட்டம். பட்டம் வந்தபின் அவர் இரண்டு காதிலும் இரண்டு மணிகளைச் செருகிக்கொண்டார். அவற்றில் அவருடைய பழைய உரைகளே ஓடிக்கொண்டிருக்கும் என்று அரண்மனைக்குப் பால் ஊற்றுகிறவர்கள் சொல்வார்கள்.

ஒருநாள் அரசவையில் ஒரு தகட்டைக் கொண்டுவந்து காட்டினார்கள். சத்தம் பட்டால் தகடு நடுங்கும், நடுக்கத்திலிருந்து மின்சாரம் வரும், மின்சாரத்தில் விரல் அளவு விளக்கு எரியும், காதுமணி பாடும். மந்திரி நாவரசர் எழுந்தார். “மாமன்னரே, நம் குடிகள் அன்றாடம் சாயங்காலம் சுவரைப் பார்த்துக் கத்துகிறார்கள். அத்தனையும் மண்ணுக்குப் போகிறது. ஒரு தேசிய வளம் இவ்வாறு வீணாவதைக் கண்டு எனக்கு மூன்று இரவுகளாக உறக்கமில்லை,” என்றார். பகலில் அவையில் அவர் உறங்குவதைப் பார்த்தவர்கள் அதை நம்பினார்கள்.

சபையில் இருந்த வாத்தியார் ஒருவர் மட்டும் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “ஐயா, சத்தத்தில் இருக்கிற சக்தி ரொம்பக் கொஞ்சம். ஊரே கத்தினாலும் ஒரு மின்மினிக்குத்தான் காணும்.”

“அப்படியானால் நாடே கத்தட்டும்,” என்றார் மாமன்னர்.

இப்படியாக ஒலி அறுவடைத் துறை பிறந்தது. நடுச்சுவரில் சத்தம் அதிகம் என்பதால் தகட்டை நடுச்சுவரில் பதிப்பதென்று முடிவாயிற்று. இரண்டு வீட்டுக்கு ஒரு தகடு, வீட்டுக்கொரு விளக்கு. எந்தப் பக்கம் சத்தம் வந்தாலும் இரண்டு விளக்கும் எரியும். தகடு வாங்கும் செலவு பாதியாகக் குறைந்ததால் இதற்கு ஒற்றுமைத் திட்டம் என்று பெயர் வைத்தார்கள்.

மாடத்தி வீட்டுக்கு வந்த அதிகாரியின் பெயர் பரஞ்சோதி. தலைப்பாகையும் மரியாதையும் மடிப்புக் கலையாத மனிதர்.

“அம்மையாரே, தாங்கள் நாளொன்றுக்கு எத்தனை சொல் பேசுகிறீர்கள்?”

“யாருகிட்டப் பேச, சாமி? பஞ்சுகிட்டயா?”

“தும்மல், இருமல், ஒப்பாரி?”

“ஒப்பாரி வைக்க ஆள் செத்தாத்தானே. எனக்குன்னு இனிமே சாக ஆள் இல்லியே.”

பரஞ்சோதி மிகுந்த வருத்தத்துடன் தலையசைத்தார். “தாங்கள் ஒலி வறியவர். கவலை வேண்டாம். மேற்குப் பாதியில் இருப்பவர் ஒலிச் செல்வந்தர். ஒற்றுமைத் திட்டத்தில் அவர் வளம் தங்களுக்கும் வந்து சேரும்.” ஆட்கள் சுவரைக் குடைந்து, தாம்பாளம் அளவுக்குத் தகட்டைப் பதித்து, மேலே விளக்கை மாட்டிவிட்டுப் போனார்கள்.

அன்று சாயங்காலம் மாடத்தி சுவரருகே போய் நின்று, “அண்ணாச்சி, இருக்கியளா?” என்றாள். விளக்கு மின்னி அணைந்தது. பதில் இல்லை. தகடு சத்தத்தைக் குடித்துவிடும், அந்தப் பக்கம் ஒரு சொட்டும் விடாது என்பதை யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. முறத்தைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடப் பார்த்தபோது, அவள் வாய் திறக்காமலே விளக்கு தானாக மின்னியது. நன்றாகவே மின்னியது. வண்டிக்காரத் தொண்டை அல்லவா.

போட்ட முறத்தைக் குனிந்து எடுத்தாள். பிறகு சிரித்துவிட்டாள். “கிழம் கண்ணடிக்குது பாரு,” என்றாள். அதற்கும் விளக்கு மின்னியது.

வாழத் தெரிந்த ஜனங்கள் எதையும் பழகிக்கொள்வார்கள். தான் கேட்டதும் மின்னுவது தன் குரல், அடுத்துத் தானாக மின்னுவது பக்கத்து வீட்டு ஆள் என்று நாடு முழுக்கக் கண்டுகொண்டது. போகப் போக மாடத்தி விளக்கைக் கொண்டே அவரைப் படிக்கத் தொடங்கினாள். நீளமாக எரிந்தால் திட்டுகிறார். பொட்டுப் பொட்டாக எரிந்தால் இருமுகிறார். ஒரு பனிக்காலத்தில் விளக்கு விடாமல் பொட்டுப் பொட்டாகவே எரிந்துகொண்டிருந்தது. மாடத்தி சுக்குக் கஷாயம் வைத்து, டம்ளரை அவர் வாசலில் வைத்து, கதவை ஒரு தட்டுத் தட்டிவிட்டு முகத்தைக் காட்டாமல் வந்துவிட்டாள். மறுநாள் டம்ளர் கழுவித் துடைத்து அவள் வாசலில் இருந்தது. உள்ளே ஒரு கல் உப்பு. அது நன்றியா, குத்தலா என்று அவளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. அந்த உப்பைச் சுவர் மாடத்தில் எடுத்து வைத்தாள்.

ஆள்கிறவர்களுக்கு ஒரு பொருள் கையில் கிடைத்துவிட்டால் அதைச் சும்மா விடத் தெரியாது. மாமன்னர் ஒரு சாயங்காலம் அரண்மனை மாடத்தில் நின்று நாட்டைப் பார்த்தார். ஊரெல்லாம் விளக்குகள் மின்னி அணைந்துகொண்டிருந்தன. அவருக்கு அது பிடிக்கவில்லை. குடிகளின் விளக்குகள் அரசரைப் பார்த்துக் கண்ணடிப்பது ஆட்சியின் மாண்புக்கு இழுக்கு என்று ஆணை வந்தது. பரஞ்சோதி மறுபடி வந்து, விளக்குக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு பேட்டரியை வைத்தார்.

“இனி விளக்கு நடுங்காது, அம்மையாரே. வருகிற ஒலியை இது சேர்த்து வைத்து ஒரே சீராக வழங்கும். ஒலி கூடினால் வெளிச்சம் கூடும், குறைந்தால் குறையும். இதுதான் நிலையான ஆட்சியின் இலக்கணம்.”

“அப்போ அண்ணாச்சி பதில் சொன்னாரா இல்லியான்னு எப்படிச் சாமி தெரியும்?”

பரஞ்சோதிக்கு இந்தக் கேள்வி முதலில் புரியவில்லை. புரிந்ததும் புன்னகைத்தார். “விளக்கு எரிகிறதல்லவா? விளக்கு எரிந்தால் ஆள் இருக்கிறார். இனி மக்கள்தொகைக் கணக்கே அப்படித்தான் எடுக்கப் போகிறோம்.”

அவளுடைய சத்தத்திலேயே விளக்கு எரியுமே என்று சொல்ல மாடத்திக்கு வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் அவர் தலைப்பாகை அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது.

அதன்பின் ஆணைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. கிசுகிசுப் பேச்சில் மின்சாரம் வருவதில்லை, ஆகவே கிசுகிசுப்பது அரசை ஏமாற்றுவது. தகட்டுக்கு எட்டாமல் தெருவில் கத்துவது ஒலிக் கடத்தல். கதவைத் தட்டுவது அதைவிடப் பெரிய கடத்தல், ஏனென்றால் கதவில் தகடு இல்லை. ஒலி வெளியே கசியாதபடி ஜன்னல்களைப் பலகை வைத்து அடைக்க வேண்டும். பதில் வராத வீட்டுக் கதவை உடைக்கும் பழைய உரிமை, விளக்கு வந்துவிட்டபடியால், தேவையற்றதென்று நீக்கப்பட்டது. கூவல் கேட்கிற நேரத்தில் எல்லோரும் துறை கொடுத்த காதுமணியைச் செருகிக்கொண்டு மாமன்னரின் உரையைக் கேட்க வேண்டும். உரை தினமும் ஒரே வாக்கியத்தில் முடியும்: “விளக்கு எரிகிறது. ஆகவே எல்லோரும் நலம்.”

இலவம்பஞ்சையும் அவர்கள் விடவில்லை. பஞ்சு ஒலியைக் குடிக்கிறதாம். ஒலியைக் குடிக்கும் உரிமை அரசுக்கு மட்டுமே உண்டாம். மாடத்தி அடைத்து வைத்திருந்த தலையணைகளை எல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவை அரண்மனைக்குப் போனதாகவும், மாமன்னர் அதன்பின் நன்றாகத் தூங்கியதாகவும் கேள்வி. மாடத்திக்கு அரிசி ஆலையில் உமி அள்ளும் வேலை கிடைத்தது. அங்கே இயந்திரச் சத்தத்தை எல்லாம் தகடு குடித்துக்கொண்டிருந்ததால் ஆலையே ஊமையாக ஓடியது. பக்கத்தில் அள்ளுகிறவள் வாயசைப்பது மட்டும் தெரியும்.

பொறுக்க முடியாமல் ஜனங்கள் ஒருநாள் திரண்டு அரண்மனைக்குப் போனார்கள். மாடத்தியும் போனாள். தொண்டை கிழியக் கத்தினார்கள். அரண்மனை முற்றம் முழுவதும் தகடு பாவியிருந்தார்கள் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. ஆயிரம் வாய் திறந்திருந்தது, ஒரு சத்தம் இல்லை. அரண்மனை மட்டும் கல்யாண வீடுபோல ஜொலிக்க ஆரம்பித்தது. மாமன்னர் மாடத்துக்கு வந்து அந்த வெளிச்சத்தைப் பார்த்து மனம் உருகிக் கும்பிட்டார். அடுத்த தேர்தலையும் அதேமாதிரி நடத்திவிட்டார்கள். வாக்காளர் பெட்டிக்குள் தலையை விட்டு வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ கத்த வேண்டும். பெட்டிமேல் விளக்கு எரியும். எண்ணுகிறவர்கள் வெளிச்சத்தைத்தான் எண்ணினார்கள். வேண்டாம் என்றவர்கள் கொஞ்சம் உரக்கவே கத்தியிருந்ததால் மாமன்னர் முன்னைவிட அதிக வெளிச்சத்தில் வென்றார்.

மாடத்தி மட்டும் சாயங்காலங்களில் மணியை ஒரு காதில் செருகிக்கொண்டு, சுவரருகே நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். “அண்ணாச்சி, இருக்கியளா?” விளக்கு ஒரே சீராக எரிந்தது. அவர் பதில் சொல்கிறாரா, இருமுகிறாரா, திட்டுகிறாரா, ஒன்றும் தெரியவில்லை. ஒருவேளை அவர் கேட்பதையே விட்டுவிட்டாரோ என்றும் தோன்றும். தனியாக இருப்பது அவளுக்குப் பழக்கம்தான். ஆனால் இது வேறு மாதிரி இருந்தது. முன்பு வீட்டில் ஆள் இல்லை, இப்போது ஊரிலேயே ஆள் இல்லாதது போலிருந்தது. சில நாள் கேட்டுவிட்டுச் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்று அழுவாள். அழுகைக்கும் விளக்கு கொஞ்சம் கூடுதலாக எரியும்.

அந்த வருஷத்து மழை பெரிய மழை. பாதையெல்லாம் ஓடையாகி, ஆலையை மூடி, எல்லோரும் வீட்டுக்குள் அடைந்துவிட்டார்கள். மழை பிடித்த மறுநாள், மாடத்தி உலை வைத்துக்கொண்டிருந்தபோது சமையற்கட்டுச் சுவரில் தன் நிழல் கறுப்பாக விழுவதைக் கண்டாள். திரும்பிப் பார்த்தால் விளக்கு சுடர்விட்டு எரிகிறது. அவள் அதுவரை அந்த விளக்கில் அப்படியொரு வெளிச்சத்தைப் பார்த்ததில்லை. அவளோ காலையிலிருந்து வாயைத் திறக்கவில்லை.

“அண்ணாச்சிதான்,” என்றாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மழையில் வெளியே போக வழியில்லாமல் கிழவர் பழைய கணக்கை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு தன்னைத் திட்டித் தீர்க்கிறார் என்றுதான் நினைத்தாள். அந்தச் சாம்பார் சங்கதியைத் திட்டுவதற்கு ஒரு நாள் போதாதே. “திட்டும், நல்லாத் திட்டும்,” என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் தானும் பதிலுக்கு நாலு வார்த்தை விட்டாள். அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து கிழிந்த சேலைகளை எல்லாம் தைத்தாள். அரிசியில் கல் பொறுக்கினாள். மணி காதில் கணீரென்று பாடியது: விளக்கு எரிகிறது, ஆகவே எல்லோரும் நலம். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் வீட்டில் இன்னொரு ஆள் இருப்பது மாதிரி இருந்தது. மாடத்தில் இருந்த உப்புக் கல்லை எடுத்துப் பார்த்துக்கொண்டாள். மழை விட்டதும் கத்தரிக்காய் போட்டுப் புளிக்குழம்பு வைத்துக்கொண்டு அவர் வாசலுக்கே போய், நான் அன்றைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது அண்ணாச்சி என்று சொல்லிவிடுவது என்று தீர்மானித்தாள்.

அடுத்தடுத்த நாட்களில் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. திட்டித் திட்டித் தொண்டை கட்டியிருக்கும் என்று நினைத்தாள். பிறகு, தான் ஏசினதில் கோபித்துக்கொண்டு உம்மென்று இருக்கிறார் என்று நினைத்தாள். கடைசியில் அவள் கூவலுக்கு எரிகிற அளவுக்கே விளக்கு வந்து நின்றது.

மழை விட்ட அன்று காலையில் குழம்பு வைத்தாள். உப்பை இரண்டு தடவை பார்த்தாள். தூக்குச்சட்டியில் ஊற்றிக்கொண்டு மேற்கு வாசலுக்குப் போய், தெருவில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, கடத்தல்காரி மாதிரி மெல்லக் கதவைத் தட்டினாள். அப்புறம் மெல்ல இல்லாமல் தட்டினாள். அப்புறம் சட்டியை வைத்துவிட்டு, அம்மிக் குழவியைத் தூக்கிவந்து, நீக்கப்பட்ட பழைய உரிமையின்படி கதவை உடைத்தாள்.

கூரையின் ஒரு மூலை மழையில் இறங்கி, உத்தரம் சரிந்து கிடந்தது. உத்தரம் சுடலையாண்டியின் காலில் விழுந்திருக்கிறது. காலை எப்படியோ உருவிக்கொண்டு, அடுப்படியிலிருந்து நடுச்சுவர் வரைக்கும் தவழ்ந்து வந்திருக்கிறார். ஈர மண்தரையில் அந்தத் தடம் அப்படியே இருந்தது. வாசற்கதவு பக்கத்தில்தான் இருந்தது. கதவுப் பக்கம் போகாமல் சுவர்ப் பக்கம் போயிருக்கிறார். பிறந்ததிலிருந்து அந்த நாட்டு மனிதனுக்குத் தெரிந்த வழி அதுதான். கையில் உலக்கை இருந்தது. தகட்டைச் சுற்றி மண் உதிர்ந்திருந்தது. வாய் தகட்டுக்கு நேராகத் திறந்தபடி இருந்தது. அவர் தலைமாட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, சீராக.

மாடத்தி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் திட்டவில்லை என்று அவளுக்கு இப்போது தெரிந்தது. அந்த வெளிச்சத்தில் தான் தைத்த சேலைகள் நினைவுக்கு வந்தன. அரிசியில் பொறுக்கின கல் நினைவுக்கு வந்தது. “இருக்கியளான்னு கேட்டேனே அண்ணாச்சி,” என்றாள். “தினமும் கேட்டேனே.” அதை யாரும் குடித்துவிடக் கூடாதென்று அவர் காதுக்குள்ளேயே சொன்னாள். பிறகு ஒப்பாரி வைத்தாள். அவளுக்கென்று சாக ஓர் ஆள் இருந்திருக்கிறார். அது தெரிய இவ்வளவு காலம் ஆகிவிட்டது.

காரியம் முடிந்த பிறகு பரஞ்சோதி வந்தார். கதவை உடைத்ததற்குத் தண்டிக்கத்தான் வந்திருக்கிறார் என்று மாடத்தி நினைத்தாள். அவரோ மாலையுடன் வந்திருந்தார்.

“வாழ்த்துகள், அம்மையாரே. மழை வாரத்தில் இந்நாட்டிலேயே அதிக ஒலி வழங்கியது தங்கள் இணை வீடுதான். மாமன்னர் தம் கையால் ஒளிச்சுடர் விருது வழங்குகிறார்.”

“சாமி, அது அவர் சாகக் கிடந்து கூப்பிட்ட சத்தம்.”

பரஞ்சோதியின் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. அவரும் ஓர் இணை வீட்டில்தான் இருந்தார், அவருக்கும் ஒரு நடுச்சுவர் இருந்தது. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “தகட்டுக்குச் சத்தம்தான் தெரியும், அம்மையாரே. காரணம் தெரியாது. துறையும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது விதி,” என்றார். மாலையைச் சங்கடத்தோடு அவள் கையிலேயே கொடுத்தார்.

விருது விழா மலையுச்சி அரண்மனையில் நடந்தது. இருட்டத் தொடங்கும் வேளை. மாமன்னர் மேடையில் நின்று, கையை வீசிக் கீழே காட்டினார். “பாருங்கள்,” என்றார். எல்லோர் காதுமணியிலும் அது ஒலித்தது. “நான் ஆட்சிக்கு வந்தபோது இந்தச் சரிவு இருண்டு கிடந்தது. இன்று பாருங்கள். என் மக்கள் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்.”

மாடத்தி பார்த்தாள். மூடுபனிக்குள் தலைநகரம் மின்னியது. பெரும்பாலான வீடுகளில் விளக்கு மங்கலாகத்தான் இருந்தது. ஆனால் அங்கங்கே, பலகை அடித்த ஜன்னல் இடுக்குகளில், சில வீடுகள் சுடர்விட்டு எரிந்தன. அவள் கண் பழகப் பழக அந்தச் சில வீடுகள் பல வீடுகளாயின. அவையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். அந்த வெளிச்சம் என்னவென்று அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

விருது ஒரு பித்தளைத் தண்டில் பொருத்திய குட்டி விளக்கு. அதன் அடியில் ஒரு தகடு. இரண்டு வார்த்தை பேசும்படி நாவரசர் கேட்டுக்கொண்டார். மாடத்தி மாமன்னரைப் பார்த்துச் சொன்னாள்: “ஐயா, அது கொண்டாட்டம் இல்ல. எல்லாரும் கூப்பிடுறாவ.”

கையிலிருந்த விளக்கு கொஞ்சம் பிரகாசமாயிற்று. மாமன்னர் அதைப் பார்த்து மகிழ்ந்து, தம் காதுமணியைச் சரிசெய்துகொண்டார்.

அவள் விருதை மேடைப் படியிலேயே வைத்துவிட்டு இறங்கினாள். காதுமணியைக் கழற்றி ஓடையில் போட்டாள். சரிவில் இறங்கி, எதிர்ப்பட்ட வீடுகளில் எது அதிகமாக எரிகிறது என்று பார்த்து, அதன் வாசலுக்குப் போனாள். யார் வீடென்று அவளுக்குத் தெரியாது. தெருவில் காவலர் இருவர் நின்றிருந்தார்கள். அவர்கள் கண்ணெதிரிலேயே கதவை ஓங்கித் தட்டினாள்.

“இருக்கியளா?” என்று கேட்டுவிட்டுக் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றாள்.

அன்று சாயங்காலம் தலைநகரில் மிக நன்றாக எரிந்துகொண்டிருந்த ஒரு வீட்டு விளக்கு திடீரென்று மங்கியதாக ஒலி அறுவடைத் துறை பதிவு செய்திருக்கிறது. சிறிது நேரத்தில் அதே தெருவில் இன்னொன்றும் மங்கியது. இந்த இழப்புக்குக் காரணம் என்னவென்று கண்டறிய, பரஞ்சோதி தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டிருக்கிறது.